நூற்றுப் பத்து நிமிட வரிசை

கணவர்: உட்காருன்னா உட்காரேன்மா. இதுக்குன்னே ஸ்டூலைத் தூக்கிட்டு வந்திருக்கேன்.

மனைவி: நான் தூக்கிட்டு வரச் சொன்னேனா?

கணவர்: நீ எதைத்தான் சொன்ன? டாக்டர் லெட்டரை எடுத்து வைன்னு ராத்திரி ரெண்டு தடவை சொன்னேன். வச்சாச்சுன்னியா இல்லையா?

மனைவி: ம்ம்னு சொன்னேன்.

கணவர்: ம்ம்னா என்ன அர்த்தம்?

மனைவி: ம்ம்னா... ம்ம்.

கணவர்: நல்லா இருக்கு. அந்தப் போர்டைப் பாரு. ரோலர் கோஸ்டருக்கு இங்கிருந்து நூத்திப்பத்து நிமிஷம்னு போட்டிருக்கான். ரொம்ப நேரம் நிக்க முடியாதுன்னு எழுதின அந்த லெட்டரைக் கவுன்ட்டர்ல காட்டியிருந்தா கையில பச்சைப் பட்டை கட்டி விட்டிருப்பான். பைசா கிடையாது. பக்கத்து வாசல் வழியா நேரா மேல போயிருக்கலாம். நீயும் நானும்.

மனைவி: போயிருக்கலாம்.

கணவர்: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உன் தங்கச்சிக்குப் போன் போடு. லெட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

மனைவி: அவ வேலைக்குப் போயிருப்பா.

கணவர்: முந்தாநாள் நீயும் அவளும்தானே ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? எங்க வச்சீங்கன்னு அவளுக்காவது தெரியும்ல?

மனைவி: நகருங்க, முன்னாடி இடம் விட்டிருக்கு.

கணவர்: ரெண்டு அடி இடம். இதுல போய் என்ன பண்றது?

மனைவி: ரெண்டு அடியை நடந்து காட்றது. இதோ... ஒண்ணு... ரெண்டு. பார்த்தீங்களா?

கணவர்: கம்பியைப் பிடிச்சுக்கோ.

மனைவி: வேண்டாம்.

கணவர்: என் கையையாவது பிடி.

மனைவி: என்னங்க, ஒரு நாளைக்கு உங்க பஸ்ல எத்தனை பேர் நின்னுகிட்டு வர்றாங்க?

கணவர்: அதுக்கும் இதுக்கும் என்ன?

மனைவி: சும்மா சொல்லுங்க.

கணவர்: காலை டிரிப்புல ஒரு அறுபது பேர் நிப்பாங்க. எண்ணிக்கிட்டா ஓட்ட முடியும்?

மனைவி: அவங்களுக்கெல்லாம் ஸ்டூல் போட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பீங்களோ?

கணவர்: கிண்டலா?

மனைவி: உங்க பிரேக்குக்கு நின்னு வர்றவங்களே தங்க மெடல் வாங்கணும். இது நகராத தரைங்க. நான் நின்னுடுவேன்.

கணவர்: ரெண்டு வருஷம் முன்னாடி இப்படித்தான் நின்னுகிட்டு இருந்த. சாயங்காலம் வரைக்கும் பார்லர்ல நாலு பேருக்கு முடி வெட்டிட்டு வந்து, விடிஞ்சு எழுந்தா கால் அசையல. மத்தியானத்துக்குள்ள கையும் போச்சு.

மனைவி: தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்.

கணவர்: நரம்பு வியாதி, மெல்லத்தான் சரியாகும்னு அன்னைக்கே சொன்னாங்க. அவசரப்படக் கூடாது.

மனைவி: ரெண்டு வருஷம் உங்களுக்கு அவசரமா?

கணவர்: சரி... கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க.

மனைவி: பாக்கட்டும். நூத்திப்பத்து நிமிஷம் அவங்களுக்கும் பொழுது போகணும்ல.

கணவர்: அந்தப் பக்கம் பாரு... மஞ்சப் பட்டைக்காரங்க. எப்படி சிரிச்சுக்கிட்டே போறாங்க பாரு. காசைக் கொடுத்தா வரிசையே கிடையாது. டிக்கெட்டை விட அந்தப் பட்டைக்கு விலை ஜாஸ்தி.

மனைவி: வயித்தெரிச்சலா இருக்கா?

கணவர்: இருக்காதா? இத்தனை பேர் வெந்துகிட்டு நிக்கறோம், ஒருத்தன் ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டே போறான்.

மனைவி: ரெண்டு வருஷமா நானும் அப்படித்தாங்க போனேன். ஆஸ்பத்திரியில, ரேஷன் கடையில, பேங்க்ல... நான் போனாலே எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்க. "பாவம், முதல்ல விடுங்க, பாவம்"னு. நல்லவங்கதான். ஆனா ஒரு தடவையாவது யாராவது என்னை முறைச்சு, "ஏம்மா, பின்னாடி போய் நில்லு"ன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும்.

கணவர்: இது என்ன ஆசை?

மனைவி: உங்களுக்குப் புரியாது.

கணவர்: சரி, இவ்வளவு இடம் இருக்கும்போது ரோலர் கோஸ்டர்தான் வேணுமா? படகு இருக்கு, குட்டி ரயில் இருக்கு. உட்கார்ந்து ஊரைப் பாக்கலாம்.

மனைவி: ஆஸ்பத்திரி அஞ்சாவது மாடியில என் கட்டில்லேருந்து எது தெரிஞ்சது?

கணவர்: ஜன்னலா? மரம், தண்ணி டாங்க்... எனக்கு ஞாபகமில்ல. நான் உன்னைத்தானே பார்த்துட்டு இருந்தேன்.

மனைவி: இது தெரிஞ்சது. இதோட உச்சி மட்டும். தலையைத் திருப்ப முடியாதுல்ல... கண்ணு எங்க போகுமோ அங்க இதுதான். வண்டி மெதுவா ஏறும், உச்சியில ஒரு நொடி நிக்கும், அப்புறம் காணாமப் போயிடும். சத்தம் கேக்காது. ஆனா எல்லாரும் வாயைத் திறந்து கத்தறாங்கன்னு தெரியும். என் வாயில குழாய். அன்னைக்கு நினைச்சேன், ஒரு நாள் அங்க போய்த் தொண்டை கிழியக் கத்தணும்னு.

கணவர்: ...இதை நீ சொன்னதே இல்லையே.

மனைவி: எப்படிச் சொல்றது? கண்ணை ஒரு தடவை சிமிட்டினா ஆமாம், ரெண்டு தடவை சிமிட்டினா இல்ல. ரோலர் கோஸ்டருக்கு எத்தனை தடவைங்க சிமிட்டணும்?

கணவர்: சிரிக்க வைக்காத. நான் கோபமா இருக்கேன்.

மனைவி: நகருங்க, நகருங்க. இடம் விட்டாச்சு.

கணவர்: இரு... ஏய், என்ன ஆச்சு? இடது கால் ஆடுது பாரு.

மனைவி: தெரியுது.

கணவர்: உட்காரு. விளையாட்டு போதும். வா, போயிடலாம்.

மனைவி: கையை விடுங்க. ஒரு நிமிஷம்... எடையை வலது பக்கம் மாத்தணும், முட்டியை லேசா மடக்கணும், மூச்சு விடணும். பிசியோ பொண்ணு சொல்லிக் கொடுத்திருக்கா. இதோ. நின்னுடுச்சு பாருங்க.

கணவர்: என் நெஞ்சுதான் இன்னும் நிக்காம அடிக்குது.

மனைவி: தண்ணி குடிங்க. ஸ்டூலைப் போட்டு நீங்க உட்காருங்க.

கணவர்: நானா? ...ரெண்டே நிமிஷம். முதுகு பிடிச்சுக்கிச்சு.

மனைவி: தாராளமா.

முன்னால் நிற்கும் பெண்: அக்கா... ஒரு நிமிஷம். உங்ககிட்ட ரப்பர் பேண்ட் ஏதாவது இருக்குமா?

மனைவி: இல்லையேம்மா. எதுக்கு?

முன்னால் நிற்கும் பெண்: அந்த யூனிஃபார்ம் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போனா. நீளமான முடியை இறுக்கக் கட்டலைன்னா மேல ஏத்த மாட்டாங்களாம். நான் விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஒண்ணரை மணி நேரமா நிக்கறேன்க்கா. திருப்பி அனுப்பிட்டா?

மனைவி: திரும்பு. முதுகைக் காட்டு.

முன்னால் நிற்கும் பெண்: அக்கா?

மனைவி: திரும்பும்மா. என் பையில சீப்பு இருக்கு.

கணவர்: நீ எதுக்கு சீப்பு வச்சிருக்க?

மனைவி: நீங்க எதுக்கு பஸ் சாவி இல்லாத நாள்லயும் சட்டைப் பையைத் தட்டிப் பாத்துக்கறீங்க? அதுக்குத்தான். தலையைக் குனி... எண்ணெயே வைக்கிறதில்லையா? நுனியெல்லாம் பிளந்திருக்கு.

முன்னால் நிற்கும் பெண்: ஆ... அக்கா, வலிக்குது.

மனைவி: சிக்கு எடுத்தா வலிக்கத்தான் செய்யும். நாலு கால் பின்னல் போடறேன். சும்மா பின்னினா அந்த வேகத்துல அவிழ்ந்துடும்.

முன்னால் நிற்கும் பெண்: நீங்க பார்லர்ல வேலை பாக்கறீங்களா?

மனைவி: ம்... பதினாலு வருஷம்.

கணவர்: மெதுவா... விரல் மரத்துப் போகுதா?

மனைவி: ரெண்டு விரல் நுனி மட்டும். அது எப்பவும்தான்.

முன்னால் நிற்கும் பெண்: அக்காவுக்கு என்ன ஆச்சு சார்?

கணவர்: ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் ஸ்பூனைப் பிடிக்க முடியாதும்மா. சாதத்தை நான்தான் ஊட்டி விடுவேன்.

முன்னால் நிற்கும் பெண்: நம்பவே முடியல. கை எப்படி ஓடுது!

மனைவி: ஆடாம நில்லு. என்னங்க, நுனியில கட்ட ஏதாவது கொடுங்க. கர்சீப் இருந்தா கூடப் போதும்.

கணவர்: இரு... இந்தா.

முன்னால் நிற்கும் பெண்: சார், பாக்கெட்லேருந்து ஏதோ விழுந்துடுச்சு... ஐயோ, சார்! இது மஞ்சப் பட்டை ஆச்சே! ரெண்டு இருக்கு! இதை வச்சுக்கிட்டா எங்களோட நின்னு வேகறீங்க?

மனைவி: என்னங்க இது?

கணவர்: அது... கீழ கிடந்தது.

மனைவி: உங்க பாக்கெட்டுக்குக் கீழயா?

கணவர்: நீ முகம் கழுவப் போனப்ப வாங்கினேன். நீ லெட்டரை மறந்துட்டேன்னதும், எப்படி நிப்பியோன்னு பயந்துட்டேன். நீ முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா எடுத்து நீட்டலாம்னு வச்சிருந்தேன். நீதான் சொல்லவே இல்லையே.

மனைவி: இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?

கணவர்: அதைக் கேக்காத. கேட்டா கால் மறுபடியும் ஆடும்.

மனைவி: கொண்டாங்க. கர்சீப்பை விட இதுதான் இறுக்கமா நிக்கும். ஒண்ணைப் பின்னல் நுனியில இப்படிச் சுத்தி... ரெண்டு முடிச்சு. அவ்வளவுதான்.

கணவர்: ஏய்! என் ரெண்டு நாள் ஓவர்டைமை எடுத்து முடியில கட்டற!

மனைவி: இன்னொண்ணு இந்தா, கையில கட்டிக்கோ. நீ யாரோட வந்த?

முன்னால் நிற்கும் பெண்: ஃப்ரெண்டோடதான் வந்தேன். மேல அலறல் கேட்டதும் பயந்து ஓடிட்டா. ஆனா அக்கா, இது உங்களோடது...

மனைவி: நாங்க பேச வேண்டியது நிறைய இருக்கு. நீ போ. அந்தக் கயித்தைத் தூக்கிட்டு அப்படியே போயிடு.

முன்னால் நிற்கும் பெண்: சார்?

கணவர்: போம்மா. இனிமே நான் என்ன சொல்ல?

முன்னால் நிற்கும் பெண்: தேங்க்ஸ்க்கா! எந்தப் பார்லர்னு சொல்லுங்க, நான் கண்டிப்பா வர்றேன்!

மனைவி: பேருந்து நிலையத்துக்குப் பின்னாடி, மருந்துக் கடை மாடி. வந்தா அந்த நுனியை வெட்டி விடறேன்.

கணவர்: போயிட்டா.

மனைவி: என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

கணவர்: நீ கம்பியைப் பிடிக்கவே இல்ல.

மனைவி: எப்ப?

கணவர்: அந்தப் பொண்ணுக்குப் பின்னும்போது. ரெண்டு கையும் அவ தலையில இருந்துச்சு. முழுசா பத்து நிமிஷம். நான்தான் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன்.

மனைவி: அப்படியா? எனக்கே தெரியல.

கணவர்: நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னோட வண்டியில ஏறுவியோ, மாட்டியோ...

மனைவி: சொல்லுங்க.

கணவர்: உங்க பார்லர் ஓனர் அம்மா போன் பண்ணாங்க. உன் போன் சார்ஜ்ல இருந்துச்சு, நான்தான் எடுத்தேன். திரும்ப வருவாளான்னு கேட்டாங்க. அவளால நிக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்.

மனைவி: ஒரு தடவையா?

கணவர்: ...மூணு தடவை.

மனைவி: ம்ம்.

கணவர்: என்ன ம்ம்? திட்டு. கத்து.

மனைவி: ஒரு மாசமா தெரியும். அந்த அம்மா வீட்டுக்கே வந்தாங்க, நீங்க டூட்டியில இருந்தப்ப.

கணவர்: தெரிஞ்சுமா ஒரு மாசம் சும்மா இருந்த?

மனைவி: சும்மா இல்ல. ராத்திரி நீங்க குறட்டை விடும்போதெல்லாம் தலையணையால அமுக்கிடலாமான்னு யோசிச்சேன்.

கணவர்: செஞ்சிருக்கலாம்.

மனைவி: ஏங்க அப்படிச் சொன்னீங்க? என் வேலைங்க அது. என் காலு.

கணவர்: போன வருஷம் பாத்ரூம்ல விழுந்தியே... கதவு உள்ள தாழ்ப்பாள். நான் வெளிய நின்னு கூப்பிடறேன், பதிலே இல்ல. அந்த ரெண்டு நிமிஷம்... எனக்கு இன்னும் முடியலைம்மா. பஸ் ஓட்டும்போது கூட வருது. மறுபடியும் நீ விழுந்தா, அந்த ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சுல போய் உட்கார எனக்குத் தெம்பு இல்ல. அதான். தப்புதான். ஆனா அதான்.

மனைவி: ...விழுவேங்க. எல்லாரும் விழறாங்க. விழுந்தா எழுந்திருப்பேன். அதுக்குத்தானே ரெண்டு வருஷம் என்னைத் தூக்கித் தூக்கி நிறுத்தினீங்க? இப்ப நின்னுட்டேன், நீங்கதான் கையை எடுக்கணும்.

கணவர்: எடுத்துட்டேன். இதோ பாரு, பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டேன்.

மனைவி: அவ்வளவு தூரம் வேண்டாம். சும்மா பக்கத்துல இருக்கட்டும்.

கணவர்: அந்த அம்மாவுக்கு நானே போன் பண்றேன். நான் சொன்னது பொய்னு நானே சொல்றேன். திங்கக்கிழமை நானே கொண்டு போய் விடறேன்.

மனைவி: மாடிப்படி வரைக்கும்தான். மேல நானே ஏறிடுவேன்.

கணவர்: பதினெட்டுப் படி.

மனைவி: எண்ணி வச்சிருக்கீங்களா?

கணவர்: போன வாரம் போய் எண்ணினேன்... எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியல.

மனைவி: எனக்குத் தெரியும். மூக்கைத் துடைங்க. நாமதான் அடுத்தது. கண்ணாடியைக் கழட்டிப் பையில வைங்க, பறந்துடும்.

கணவர்: ஆனா ஒண்ணு மட்டும். அடுத்த தடவை இங்க வந்தா பக்கத்து வாசல்தான். ஓசியில கொடுக்கறதை எதுக்கு விடணும்? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த லெட்டரைத் தேடி என்கிட்ட கொடுத்துடு. நான் பத்திரமா வச்சிருக்கேன்.

மனைவி: வீட்ல இல்லைங்க. லெட்டரே கிடையாது. முந்தாநாள் போய்க் கேட்டேன். டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கண்ணை மூடி ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னார். அப்புறம் பேனாவை மூடிட்டாரு. "இதுல நான் கையெழுத்துப் போட்டா பொய்யாயிடும்மா... போய் எல்லாரையும் போல வரிசையில நில்லுங்க"ன்னுட்டார்.