ஜன்னலுக்குத் தெரியற பக்கம்

கிட்டப் போகாத தம்பி, இங்கயே நில்லு. மாடி ஜன்னல்ல அப்பா உக்காந்திருக்கார், நிமிர்ந்து ஒரு தடவை கையசைச்சுடு. ஆங், போதும். வருஷா வருஷம் தேத் புத்தாண்டுப் பண்டிகைக்கு வீட்டுல பூ பூக்க வைக்க இந்த பீச் மரத்தை வேரோட வாடகைக்குக் கொண்டுபோறவன் நீதானான்னு பாக்கறார். கண்ணு மங்கிப்போச்சு. ஆனா மரமும் அதைத் தூக்கறவனும் தெரிஞ்சாகணும் அவருக்கு.

அந்த மரம் லேசுப்பட்டதில்ல. எனக்கு ஏழு வயசிருக்கும், நெலமெல்லாம் கூட்டுப்பண்ணைக்குப் போயிடுச்சு. அரிசி வாங்க வரிசையில செங்கல்லை வச்சு எடம் பிடிச்ச காலம். பூவைத் தின்னா வயிறு நெறையுமா தோழரேன்னு பண்ணைத் தலைவர் நக்கலா கேட்டார். மரத்தையெல்லாம் வெட்டிட்டு சக்கரவள்ளி போடணும்னுட்டார். இது தாத்தா வச்சது. அப்பா தரையோட அறுத்துட்டு, வேரோட செத்துப்போச்சுன்னு சொல்லிட்டார். அடிக்கட்டை மேல கொடியைப் படர விட்டார். தலைவர் ஒருநாள் அது மேலயே நின்னு பேசிட்டுப் போனார்னா பாத்துக்கோ. நான் பள்ளிக்கூடத்துல கழுத்துல சிவப்புத் துண்டைக் கட்டிக்கிட்டு, பொய் பேச மாட்டோம்னு பாடற எடத்துல வாயை மட்டும் அசைப்பேன். பயந்தான். நெலம் திரும்பி வந்தப்புறம் அந்தக் கட்டையிலதான் மரம் எழும்புச்சு. தோட்டத்துல இருந்த மத்த மரமெல்லாம் அதுலேருந்து ஒட்டுக் கட்டினது.

ஏன் கிட்டப் போகக்கூடாதா? தொட்டா மொட்டு கையோட வந்துடும். நூல்ல கட்டினது. பக்கத்துத் தோட்டத்துல கெஞ்சி வாங்கி, ஜன்னலுக்குத் தெரியற பக்கம் மட்டும் கட்டியிருக்கேன்.

வெள்ளத்துல செத்துடுச்சு தம்பி. நாலஞ்சு நாள் தண்ணி வடியவே இல்ல, வேரெல்லாம் அழுகிப்போச்சு. தோட்டத்துல ஒண்ணுகூட தப்பல. இப்ப நீ பாக்கறதெல்லாம் வெளியூர்ல வாங்கி நட்டது. அப்பா அப்ப ஆஸ்பத்திரியில. வந்ததும், எலை எங்கடின்னார். தேத்துக்குப் பூக்கணுமேன்னு உருவிட்டேன்ப்பான்னேன். இவ்வளவு முன்னாடியா உருவுவே, அறிவிருக்கான்னு ஒரு வாரம் திட்டினார். திட்டட்டும்னு இருந்துட்டேன்.

மரம் இங்கயே நின்னா பண்டிகையன்னிக்குப் பூக்காது, கண்டுபிடிச்சுடுவார். நீ கொண்டுபோயிடு. உன் வீட்டுக்கு வேற நல்ல மரமா சும்மாவே தர்றேன். இதை ஆத்தங்கரையில எங்கயாவது போட்டுடு, என்னால ஆகாது. பௌர்ணமி கழிச்சுத் திருப்பிக் கொண்டுவரேன்னு மட்டும் அவர் காதுல விழறாப்ல சொல்லிட்டுப் போ.

அதுக்கப்புறமா? தெரியல தம்பி. மரம் திரும்பி வந்ததும் அவரே கீழ எறங்கி ஒட்டுக் கட்டப்போறாராம், கத்தியைத் தீட்டி வைன்னார். காலையிலதான் தீட்டிக் குடுத்தேன்.