கஞ்சிக்குள் ஒளித்த குளிசை

மேடையை ஆளும் தலைவர் ஜனாப் முகைதீன்பாவா அவர்களே! மேடைக்கு வர மறுத்து முன்வரிசையில் முறுவலிக்கும் டொக்டர் எட்வேட் அவர்களே! மூத்தோரே! முக்காட்டைச் சரிசெய்தபடி முணுமுணுக்கும் தாய்மாரே! மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பேச்சுக் கேட்கும் மருதமுனை மைந்தர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும்!

நான் முஸ்பிறா. விஞ்ஞானம் படிப்பிப்பவள். இன்று பேசப்போவது என் பிழையைப் பற்றி. அதற்குத்தான் இவ்வளவு கூட்டமோ?

என் தம்பி இன்பாஸுக்கு இருபத்திரண்டு வயது. போன வருடம் அவன் காதுக்குள் யாரோ கதைக்கத் தொடங்கினார்கள். அயலவர்கள் நஞ்சு வைக்கிறார்கள் என்று அஞ்சினான். டொக்டர் குளிசை தந்தார். “உளவளத்துணையாளர் வினோஜாவோட இருந்து கதைக்கவும் வேணும். ரெண்டும் சேரட்டும்” என்றார். நாங்கள் குளிசையை எடுத்துக்கொண்டோம், கதையை விட்டுவிட்டோம்.

“கதைச்சி என்னத்தக் காணப்போறம்? ஊரே கதைச்சிட்டுத்தானே இருக்கு!” என்றேன் நான். சிரிக்காதீர்கள், நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்!

நோன்பு வந்தது. “நோன்போட எனக்கு மருந்து வேணாம்” என்றான். விஞ்ஞான ரீச்சர் விடுவேனா? குளிசையைத் தூளாக்கி நோன்புக் கஞ்சியில் கரைத்தேன். மூன்றாம் நாள் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டான்: “கஞ்சி கசக்குது ராத்தா. அவனுகள் உங்களயும் சேத்துட்டானுகளா?”

நஞ்சுக்கு அஞ்சியவனுக்கு ஒளித்துக் கொடுத்தது யார்? அயலவரா? இல்லை! அந்நியரா? இல்லை! அவனைத் தோளில் சுமந்த ராத்தா! அதன்பின் என் கையால் ஒரு பருக்கை உண்ணவில்லை. தானே அவித்துத் தானே உரித்த முட்டையும் போத்தல் தண்ணீரும்தான். நான் அழுதேன், சபையோரே.

கடைசியில் நான் போய்க் கூப்பிட, வினோஜா வீட்டுக்கு வந்தார். “மருந்து சரி ரீச்சர், ஒளிச்சதுதான் பிழை. அவரிட்டச் சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

“அப்ப நான் நினைச்சது மெய்தானே!” என்றான் இன்பாஸ்.

“ஓம், கசப்பு மெய். ஆனா நஞ்சு? மெய் எது, பயம் எது எண்டு ரெண்டு பேருமாப் பாப்பமா?” என்றார் வினோஜா.

அன்று தொடங்கியது வினோஜாவோடு கிழமைக்கொரு கதை. டொக்டர் மருந்து வேளையை இரவுக்கு மாற்றினார். நோன்பு திறந்தபின் தன் கையாலேயே குளிசை போட்டான். குளிசை குரல்களின் கூச்சலைக் குறைத்தது. கதை, மிஞ்சிய குரலோடு வாழப் பழக்கியது. குளிசை தூக்கம் தந்தது. கதை துணிவு தந்தது. பாவும் ஊடையும் போல என்று சொல்வேன் எனக் காத்திருக்கிறீர்கள். நெசவூரில் அதைச் சொன்னால் என்னைத் தறியில் கட்டிவிடுவீர்கள்!

தாய்மாரே, உங்கள் பிள்ளைக்கும் இப்படித் தொடங்கினால் பிள்ளையை ஒளிக்காதீர்கள்! மருந்தை ஒளிக்காதீர்கள்! வாயை மூடாதீர்கள்! நாளைக்கு என்னாதீர்கள்! மருந்தும் கொடுங்கள், மனம் திறந்து கதைக்க ஓர் ஆளும் கொடுங்கள்!

இதையெல்லாம் சொல்லலாமா என்று தம்பியிடம் கேட்டேன். “சொல்லுங்க ராத்தா, உங்கட பிழைய முதல்ல சொல்லுங்க” என்றான். சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பகல் அடுப்படிக்கு வந்தான். சட்டியை முகரவில்லை, மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பீங்கானை நீட்டி, “பசிக்குது ராத்தா, போடுங்க” என்றான்.

இன்னும் பேசலாம். ஆனால் மூன்றாம் வரிசையில் ஒருவன் வயிற்றைத் தடவிக் காட்டுகிறான். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, ஸலாம். நான் போய் அவனுக்குச் சோறு போட வேண்டும்!