குளவி மரத்துச் சிவப்புத் துணி

கங்காணி வேலைக்கு வந்தவன் முதலில் அண்ணாந்து பார்க்கப் பழக வேண்டும், ஐயா. காலையில் ஆட்களைத் தேயிலை மலைக்கு அனுப்பும் முன் நான் ஒரு சுற்றுப் போய் வருவேன். மரத்தில் குளவிக்கூடு கண்டால் அடியிலுள்ள தேயிலைச் செடியில் சிவப்புத் துணி கட்டுவேன். துணி தெரிந்தால் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், இந்தச் சம்பவம் வரைக்கும், என் ஆட்கள் யாரும் குளவி கொட்டிச் செத்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் சுமன் வெளிநாட்டுப் பண்ணை வேலைக்கு முயன்றுகொண்டிருந்தான். அந்த நாடு இலங்கைக்கென்று ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒருவருக்கும் விசா கிடையாது. எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுத் தனுஜனோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. அடுத்த பெயர் சுமன். வருகிற வருடம் அவனுக்கு வயதெல்லை தாண்டிவிடும். எங்கள் பாட்டன்மாரையும் இலங்கை, இந்தியா என்று இரண்டு அரசாங்கங்கள் உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று இப்படித்தான் தலை எண்ணிப் பிரித்தன. என் சித்தப்பாவைக் கப்பலேற்றிய அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தனுஜன் நல்ல பையன். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். விசாவுக்கான மருத்துவச் சோதனைக்குக் கொழும்பு போவதற்கு முதல்நாள்கூட வேலைக்கு வந்தான். "நாளைக்குத்தானே போறேன் பெரியப்பா, இன்னைக்குச் சும்மா இருந்து என்ன செய்ய" என்றான்.

அன்று காலை ஆற்றோரத்து மலையில் புதிதாக ஒரு கூடு பார்த்திருந்தேன். துணியைக் கட்டினேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புல்வெட்டும் மெஷினோடு தனுஜனை அங்கே அனுப்பினேன். அந்தச் சத்தம் குளவிக்கு ஆகாது. மற்றவர்களைக் கீழே பள்ளத்தில் கொழுந்து பறிக்க விட்டேன்; வேறு யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே. முகம் வீங்கும், சில நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பான், சோதனை தவறும், இடம் சுமனுக்கு வரும். இவ்வளவுதான் நான் நினைத்தது.

தனுஜனின் அம்மா ராசம்மாவும் கீழேதான் நின்றாள். அவன் கத்தியது கேட்டதும் எல்லோரும் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். அவள் மட்டும் மேலே ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மகனைப் போர்த்தி, அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். லொறியில் ஏற்றும்போதே அவளுக்கு மூச்சில்லை.

லொறி போனதும் முதல் வேலையாகத் துணியை அதே செடியில் திரும்பக் கட்டினேன். கடமையில் நான் குறை வைப்பதில்லை. சில கொட்டோடு தப்பிய தனுஜன் மறுநாள் அங்கே போய்ப் பார்த்திருக்கிறான். சாவு வீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"நான் போறப்ப அந்தத் துணி அங்க இல்லையே, பெரியப்பா. எப்ப கட்டுனீங்க?"

அவன் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

அம்மாவின் காரியத்தை விட்டுவிட்டு அவன் கொழும்பு போகவில்லை. அந்த இடத்தில் சுமன் போனான். போன வாரம் அந்த நாடு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டதாம். மிச்சமிருந்த எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், தனுஜனையும்.

இதை அவர்கள் கொஞ்சம் முன்னால் செய்திருந்தால் ராசம்மா இன்று உயிரோடு இருப்பாள். துணியை அவிழ்த்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளைக் கொன்றவர்களை நீங்கள் இன்னும் விசாரிக்கவே இல்லை, ஐயா.