வெள்ளைப்பட்டைக்காரி

வாழைப்பழம் நன்றாக அழுகினால்தான் ருசி, ஐயா. நமக்கல்ல, கராக்சிஸ் பேரினத்துப் பட்டாம்பூச்சிகளுக்கு. பூவை அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அழுகலில் பனங்கள்ளை ஊற்றி, வலைக்கூண்டில் வைத்து மர உச்சியில் தொங்கவிட்டால் வந்து குடித்துத் தள்ளாடும். மிச்சக் கள் எனக்கும் என் மச்சான் சாம்போவுக்கும். நாங்களும் தள்ளாடுவோம். நியோங் ஆற்றங்கரையில் எங்களைப்போல் சிரித்தவர்கள் கிடையாது.

அப்படியொரு நாளில்தான் கூண்டில் அந்த வெள்ளைப்பட்டைக்காரி விழுந்தாள், இறக்கையில் வெள்ளைப்பட்டை போட்ட பெண்பூச்சி. தலைநகர் யாவுண்டேயிலிருந்து வரும் பூச்சி நிபுணர் பார்த்துவிட்டு, "புது இனமா இருந்தா பெலிங்கான்னு உங்க பேரையே வெச்சிடலாம்" என்றார். அன்று நான் நடக்கவில்லை, மிதந்தேன். சாலைக்குக் கல் உடைத்தவன் பெயர், உலகமெல்லாம் படிக்கும் புத்தகத்தில்! மரவள்ளி விற்கிறவள்கூட என்னைப் பட்டாம்பூச்சிக்காரரே என்று கூப்பிட்டாள்.

சாம்போ என்ன செய்தான், வெள்ளைப்பட்டைக்காரி இட்ட முட்டைகளை எடுத்து வளர்த்தான். பொரித்து வந்ததில் பெண்ணெல்லாம் வெள்ளைப்பட்டை. ஆணெல்லாம் நாங்கள் தினம் பிடிக்கிற சாதாரணக் கறுப்பன்.

உச்சிக் கிளையில் கூண்டு கட்டிக்கொண்டே சொன்னான்: "புது இனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மச்சான். நம்ம கறுப்பனோட பொண்டாட்டிதான் அவ. நாளைக்கு நிபுணர்கிட்ட காட்டிடறேன்."

"அப்ப என் பேரு?"

"உன் ஆட்டுக்கு வை. கூப்பிட்டா ஓடியாவது வரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சாய்ந்திருந்த இடுப்புக்கயிற்றின் மறுமுனை கீழே என் கையில் இருந்தது. சிரித்தபடியே விட்டேன். விழுந்த பிறகும் மூச்சு இருந்தது. நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நிற்கும்வரை அழுத்தினேன். காகிதத்தில் மடித்து வைக்குமுன் பூச்சியையும் நாங்கள் நெஞ்சை அழுத்தித்தான் முடிப்போம், இறக்கை கெடாது. அவன் வளர்த்ததையெல்லாம் ஆற்றில் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவன் கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தபோதுதான் அதிசயம். எங்கள் கூண்டுகளுக்கு ஒருநாளும் வராத கூட்டம், நீலமும் மஞ்சளுமாக அவன்மேல் மொய்த்துக் கிடந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலை சுற்றியது. இருந்திருந்தால் சாம்போ குதித்திருப்பான்.

அவன் தோளில் ஒரு வெள்ளைப்பட்டைக்காரியும் ஒரு கறுப்பனும் வால்நுனி கோத்து ஒட்டியிருந்தார்கள். நோகாமல் பிரித்தெடுத்தேன். இரண்டையும் ஒரே காகிதத்தில் மடிக்க முடியுமா, ஐயா? வேறு வேறு இனமாயிற்றே.