வேஸ்ட் மூட்டையோடு போன கதை

— மூட்டையக் கட்டி லாரில ஏத்தீட்டாங்கக்கா! நான் ஓடிப் போயிப் பாக்கறதுக்குள்ள கம்பெனி கேட்டத் தாண்டிருச்சு.

— தாரணி, மெதுவாப் பேசு. அம்மா முழிச்சுக்குவாங்க. எந்த மூட்டை?

— கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கா... இந்நேரம் மெஷின்ல போட்டுப் பஞ்சாக்கியிருப்பாங்க.

— துண்டுத்துணி போனா உனக்கென்ன? அதுக்கா இப்படிக் குதிக்கற?

— துணி மட்டுமில்லியே... உள்ள சித்ராதேவியோட புஸ்தகம்.

— எது... கம்பெனி வேன்ல நமக்குக் கதை சொல்றாளே, அந்த இங்கிலீஷ் நாவலா?

— நமக்கில்ல. உனக்கு.

— அடிப்பாவி! அது எப்படி மூட்டைக்குள்ள போச்சு?

— தவறி...

— தாரணி.

— ...நாந்தான் போட்டேன். ரெண்டு நாளைக்கு ஒளிச்சு வெக்கலாம்னுதான்க்கா. சத்தியமா.

— அவ உன்னைய என்ன பண்ணுனா?

— வேன்ல உம்பக்கத்துல யாரு ஒக்காருவா? நானு. இப்ப "அனிதா, அனிதா"ன்னு அவ வந்து ஒட்டிக்கறா. நான் டிரைவருக்குப் பின்னால டிபன் பைகளோட! அவ வாயத் தொறந்தா "ம்... அப்பறம்?"ங்கற. நான் பேசுனா ஹெட்போன மாட்டிக்கற.

— அதுக்குன்னு புஸ்தகத்தையா... அவ தபால்ல பி.ஏ. படிக்கற புள்ள. அகராதிய வெச்சுப் படிச்சு, அன்னன்னைக்குப் படிச்சத அன்னன்னைக்குச் சொல்றா. முடிவு அவளுக்கே தெரியாது.

— வேற வாங்கித் தந்தர்றேன். போன்ல தேடுனா வராதா?

— பேரு தெரிஞ்சாத்தானே? பழைய பேப்பர் கடையில எடுத்தது, அட்டையும் இல்ல, மொதப் பக்கமும் இல்ல. நாங்களும் தேடிப் பாத்துட்டோம்.

— அப்படி என்னக்கா இருக்குது அதுல? எந்தக் காலத்துலயோ எவனோ வெள்ளக்காரன் எழுதுனது. குதிரை வண்டி, கவுனு, விசிறி...

— நானும் மொதல்ல அப்படித்தான் சிரிச்சேன். அப்பறம் கதைல வர்ற புள்ளயோட மாமன் வந்து, "சொத்து வெளிய போயிறக்கூடாது, எம் பையனையே கட்டிக்கோ"ன்னான் பாரு... இவளுக்கு இஷ்டமில்ல. ஆனா அத வாயத் தொறந்து சொல்லறதுக்கு எத்தன பக்கம் பயப்படறா, தெரியுமா? சினிமால ஒரு பாட்டுல முடிச்சிருவாங்க. இவ தலை சீவறப்ப, டீ ஊத்தறப்ப, கதவத் தாழ் போடறப்ப... அதையேதான் நெனைக்கறா.

— எதுவரைக்கும் சொல்லியிருந்தா?

— விடிஞ்சா மாமனுக்குப் பதில் சொல்லோணும். அதோட நம்ம ஸ்டாப் வந்துருச்சு.

— ஓடிப் போயிருப்பா. இல்லாட்டிக் கட்டீட்டிருப்பா. கதைதானேக்கா! ...அக்கா? ஏன் அழுவற? ஒரு கதைக்கா? வேணும்னா நாலு அடி அடிச்சிரு...

— தங்கதுரை மாமா அவரு பையன் நிதிஷுக்கு என்னையக் கேட்டுட்டுப் போயிருக்காரு. உனக்குத் தெரிஞ்சா நீ ஊரக் கூட்டிருவியாம், அதான் அம்மா உங்கிட்டச் சொல்லல. ஞாயித்துக்கெழம பதில் சொல்லோணும். கதைல அந்தப் புள்ள அவ மாமனுக்கு என்ன பதில் சொல்றாள்னு கேட்டுட்டு, அப்பறம் வாயத் தொறக்கலாம்னு இருந்தேன்... இப்ப நான் என்ன சொல்றது, கண்ணு?