சிப்பாயின் முதுகுப்பக்கம்

— முப்பத்தேழு. இம்மியும் கூட்டாம சொல்றேன், நோயலின். சிலைக்கு நேர் எதிர்லதான் நிக்கறேன். ஈ ஒவ்வொண்ணும் கோழிக்குஞ்சு சைஸுல வந்து மூக்குல மோதுது. அதையும் விரட்டிக்கிட்டே எண்ணினேன். கல்லுல வெட்டின பேரு முப்பத்தேழுதான்.

— முப்பத்தேழைத்தான் போன வியாழக்கிழமையே போட்டுப் பார்த்தோமே, மெர்வ். தப்புன்னு சிவப்பு வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் முப்பத்தாறுன்னீங்க. அதுவும் சிவப்பு. மூணு வாய்ப்புல இன்னும் ஒண்ணுதான் மிச்சம்.

— அப்ப அந்தப் போட்டி வெப்சைட்டுக்குத்தான் எண்ணத் தெரியல.

— புதிரை இன்னொரு தரம் படிக்கறேன். குறுக்க பேசாம கேளுங்க. "துப்பாக்கியைத் தலைகீழாய்ப் பிடித்தவன், ரயிலுக்குக் காத்து நூறாண்டு நின்றவன், கோதுமை மலைக்கு முதுகைக் காட்டியவன், கூடப்போனோர் எத்தனை பேர், சுற்றிப் பார்த்துச் சொல்."

— அது எங்க மொரலிங் ஊர்ச் சிப்பாய்தான்னு கண்டுபிடிச்சது யாரு? இந்தக் கிழவன். ஊருக்கு ஊரு போர்ச் சிலை நிக்கற நாடு இது. ஆனா ஸ்டேஷனைப் பார்த்துக்கிட்டு, கோதுமைக் குதிருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறவன் இவன் ஒருத்தன்தான். நாற்பது வருஷம் கோதுமை ரயில் ஓட்டினேன், அம்மணி. என்ஜின்ல இருந்து என் பெண்டாட்டி மூஞ்சியை விட இவன் மூஞ்சியைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்.

— பெரில் காதுல விழுந்தா இருக்கு உங்களுக்கு.

— விழட்டும்னுதான் சத்தமா சொல்றேன்.

— சரி. எண்ணுக்கு வாங்க. இங்க டாஸ்மேனியாவுல மணி பதினொண்ணு. உங்க பக்கம் ஒன்பது. இன்னும் ஒரு மணி நேரத்துல போட்டியை மூடிடுவாங்க.

— அந்த வாகா வாகா ஊர் இரட்டையர் விடை போட்டுட்டாங்களா?

— இன்னும் இல்ல. அவங்களுக்கும் ஒரு வாய்ப்புதான் பாக்கி.

— பார்த்தீங்களா? மூணு வருஷமா இதே கூத்து. நாம ஒண்ணைக் கண்டுபிடிச்சா அவங்க அரை மணி நேரம் முன்னாலயே கண்டுபிடிச்சிருப்பாங்க. நாம மாட்டிக்கிட்டு முழிச்சா அவங்களும் முழிப்பாங்க. முகம் பார்த்ததில்லையே தவிர எனக்கு அவனுங்களை நல்லாத் தெரியும். ரெண்டு பேரும் மொட்டை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பல்செட்டு. ஒருத்தன் ஆட்டுக்கறியைத் தின்னு முடிக்கற வரைக்கும் மத்தவன் உட்கார்ந்து புதிர் போடுவான். அதான் நம்மள விட வேகம்.

— பாவம், யாருன்னே தெரியாதவங்களை ஏன் இப்படிப் பேசறீங்க?

— பாவமா? பத்தொன்பது புதிர்ல பதினொண்ணு அவங்க முந்திட்டாங்க. இது இருபதாவது. இதுதான் கடைசி, இதுல ஜெயிச்சவங்கதான் போட்டியில ஜெயிச்சவங்கன்னு வேற அந்தப் பழைய கல் எழுதி வச்சிருக்கான். பேரைப் பாரு, பழைய கல்லாம். புதிர் போடறவனுக்குப் பேர் வைக்கத் தெரியல.

— மெர்வ், அது என்ன சத்தம்?

— எது?

— விசில் மாதிரி.

— ஓ, அதுவா. மாக்பைப் பறவை. செப்டம்பர் இல்லையா, குஞ்சு பொரிச்சிருக்கு. தலைக்கு மேல இருநூறு நிக்குது. மண்டையைக் கொத்த வருது. நல்லவேளை, தொப்பி போட்டிருக்கேன்.

— மாக்பைய அடுப்புல இருந்து இறக்கி வைப்பாங்களா?

— என்னது?

— இறக்கி வச்சீங்க. அடங்கிடுச்சு. இப்ப கப்புல ஊத்தறீங்க. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் ஹெட்செட்டைக் காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்தவ நான். எதிர்முனையில இருக்கறவன் செருப்போட இருக்கானா, வெறுங்காலானு சொல்லுவேன். நீங்க சமையலறையில இருக்கீங்க. வெறுங்காலு.

— மனுஷன் டீ போடக் கூடாதா?

— சிலை உங்க வீட்ல இருந்து எவ்வளவு தூரம்?

— ஆயிரம் கிலோமீட்டர்.

— மெர்வ்.

— ரெண்டு தெரு. நடுவுல ஷாரன் பேக்கரி.

— அப்ப முப்பத்தேழு எங்க இருந்து வந்துச்சு?

— தெருவெல்லாம் கார்ல போய்ப் படம் புடிச்சு இணையத்துல போட்டிருக்காங்களே, அதைப் பெருசாக்கிப் பெருசாக்கி எண்ணினேன். பேரெல்லாம் தெளிவாத்தான் தெரியுது.

— முந்தின புதிருக்கு அல்பனி ஊர்த் தூணைப் போய் எண்ணினேன்னீங்களே, அதுவும் அப்படித்தானா?

— அல்பனிக்கு பஸ்ஸுல போனேனே. பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள, மடியில உயிரோட ஒரு ஆட்டுக்குட்டி...

— ஜூலை மாசம் போனீங்க. தூணைச் சுத்தி கிறிஸ்துமஸ் தோரணம் தொங்குது, ரொம்ப அழகுன்னீங்க. கிறிஸ்துமஸுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருந்துச்சு, மெர்வ்.

— அப்பவே தெரியுமா உங்களுக்கு?

— அப்பவே தெரியும்.

— அப்புறம் ஏன் கேட்கல?

— ஆட்டுக்குட்டிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு.

— சரி, விடுங்க. பெரில் இருந்த வரைக்கும் பதினாலு புதிருக்கு கேரவனைப் பூட்டிக்கிட்டு நிஜமாவே போனோம். அது சத்தியம். நான் வண்டி ஓட்டுவேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கல்லைத் தடவித் தடவி எண்ணுவா. நான் எண்ணினா ரெண்டு கூட்டிச் சொல்லிடுவேனாம். பொய் சொல்றதுக்கு முன்னாலதான் "இம்மியும் கூட்டாம"ன்னு சொல்றேன்னு கண்டுபிடிச்சவளே அவதான்.

— தெரியும். அவ குரல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து கேட்டைச் சாத்தினேன். பதினோரு மாசமாச்சு. சாமான் வேன்ல வருது. வெளிய போனா ஊரே தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, "எப்படி இருக்கே, மெர்வ்"னு கேக்கும். நாய் கூடத் தலையைச் சாய்க்குது. என்ன பதில் சொல்றது?

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆனா இந்த முப்பத்தாறு? படத்துல முப்பத்தேழு இருக்கறப்ப ஏன் முதல்ல முப்பத்தாறுன்னீங்க?

— அது... கை தவறிடுச்சு.

— மெர்வ்.

— வேணும்னேதான். சரியான எண்ணைப் போட்டா பச்சை வரும். பச்சை வந்தா போட்டி முடிஞ்சுது. அடுத்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நான் கெட்டிலை வச்சுட்டு யாரோட பேசறது? அதான் ஒரு வாரம் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன். அடுத்த வாரம் மனசு கேக்கல, முப்பத்தேழுன்னு உண்மையைச் சொன்னேன். அதுவும் சிவப்பு. சத்தியமா சொல்றேன், எனக்கு அது புரியல. சந்தோஷமாவும் இருந்துச்சு.

— எக்ஸ்சேஞ்சுல ராத்திரி பகலா ஊர்ல உள்ளவங்க பேச்சையெல்லாம் இணைச்சு விடுவேன். ஆட்டு வியாபாரி, மருத்துவச்சி, சண்டை போட்ட அண்ணன் தம்பி, எல்லாரையும். வீட்டுக்குப் போனா என் ஃபோன் அடிக்காது. என்னைக்காவது ராங் நம்பர் வரும். அவங்களையும் அஞ்சு நிமிஷம் பேச வச்சுட்டுத்தான் விடுவேன்.

— ராங் நம்பரையா? அஞ்சு நிமிஷமா?

— ஒருத்தன் முக்கால் மணி நேரம். டிராக்டர் டயரைப் பத்தி.

— பரவாயில்லையே. நம்ம ஆளு மாதிரி இருக்கான்.

— மணி ஒன்பதே கால், மெர்வ். நீங்க எழுந்திரிக்கலன்னா பல்செட்டுக்காரங்க ஜெயிச்சுடுவாங்க. உங்க ஊர்ச் சிலையை வச்சே ஜெயிப்பாங்க. வாகா வாகாவுல உட்கார்ந்துக்கிட்டு.

— அது நடக்காது. என் பூட்ஸு எங்க?

— ஃபோனை வைக்காதீங்க. பேசிக்கிட்டே போங்க.

— இருங்க. கேட்டு திறக்க மாட்டேங்குது. துரு புடிச்சிருக்கு. இப்ப கேக்குதா? ஆடு கத்தற மாதிரி. தெருவுல இருக்கேன். வெயிலு. சில்வியா வீட்ல வேலியை மாத்திட்டாங்க. யாரைக் கேட்டு மாத்தினாங்க?

— நடங்க.

— நடக்கறேன். காத்துல கனோலாப் பூ வாசனை. ஊரைச் சுத்தி ஒரே மஞ்சள். சரி, பேக்கரி வந்துடுச்சு. ஷாரன் பார்த்துட்டா. கதவைத் திறக்கறா. வெளிய வரா, நோயலின்.

— வரட்டும்.

— மெர்வ்? மெர்வ் டோல்ஹர்ஸ்ட்தானா அது?

— பேய் இல்ல, ஷாரன். நானேதான்.

— நில்லுங்க ஒரு நிமிஷம். இந்தாங்க. லாமிங்டன் கேக், ரெண்டு. பெரிலுக்கு எடுத்து வைக்கறது.

— ஷாரன், பெரில்...

— தெரியும். வியாழக்கிழமைன்னா கை தானா எடுத்து வச்சுடுது. சாயங்காலம் நானே தின்னுடறேன். பதினோரு மாசத்துல அஞ்சு கிலோ ஏறிட்டேன். அதுக்கு நீங்கதான் காரணம். எடுத்துட்டுப் போங்க.

— கேட்டீங்களா, நோயலின்? அவ போயிட்டா. ஒரு தடவை கூடத் தலையைச் சாய்க்கல.

— கேட்டேன். சிலைக்கிட்ட போயிட்டீங்களா?

— வந்துட்டேன். நிஜமாவே வந்துட்டேன். வேணும்னா கல்லைத் தட்டிக் காட்டட்டுமா?

— வேண்டாம். காத்து சத்தம் கேக்குது. எண்ணுங்க.

— முன்பக்கம் பதினஞ்சு. இடது பக்கம் பதிமூணு. வலது பக்கம், ரெண்டாவது உலகப் போர், ஒன்பது. முப்பத்தேழு. படத்துல பார்த்ததேதான்.

— பின்பக்கம்?

— பின்பக்கம் ஒண்ணும் கிடையாது. ரோஸ்மேரிப் புதர் இடுப்பு வரைக்கும் அடைச்சுக்கிட்டு நிக்குது. ஏப்ரல் இருபத்தஞ்சு, போர் நினைவு நாள், விடியக்காலைல ஊரே இங்க கூடும். எல்லாரும் முன்னாலதான் நிப்போம். கொம்பு ஊதுவாங்க, மாலை வைப்போம், ரம் ஊத்தின காபியைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம். யாரு பின்னால போவா?

— இப்ப நீங்க போங்க.

— எனக்கு வயசு எழுபத்துநாலு. முழங்கால் ரெண்டும் பாராளுமன்றம் மாதிரி ஒண்ணை ஒண்ணு ஏசிக்கிட்டே இருக்கு.

— போங்க, மெர்வ்.

— போறேன். புதருக்குள்ள இறங்கிட்டேன். லாமிங்டன் நசுங்கிடுச்சு. இருங்க. புதரை ஒதுக்கறேன். கல்லு பாசி புடிச்சிருக்கு. எழுத்து மாதிரி ஏதோ...

— மெர்வ்?

— பேர் இருக்கு. ஒரே ஒரு பேர். சிஸ்டர் ஈடித் மல்கேஹி, நர்ஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு. கடலில்.

— ஒண்ணுதானா?

— ஒண்ணுதான். பக்கம் முழுக்க அவளுக்கே. எதிர்ல கோதுமைக் குதிரும் வானமும்தான். மத்தவனுங்கெல்லாம் முன்னால கூட்டமா ரயிலைப் பார்த்துக்கிட்டு நிக்கறானுங்க. இவ மட்டும் இந்தப் பக்கம் தனியா. அறுபது வருஷம் இங்க வந்து தொப்பியைக் கழட்டியிருக்கேன், நோயலின். ஒரு தடவை கூட இவ முன்னால நிக்கல.

— இப்ப நிக்கறீங்க இல்ல?

— நிக்கறேன். தொப்பியைக் கழட்டிட்டேன். ஒரு கிளை ரோஸ்மேரி ஒடிச்சு வச்சுட்டேன். நசுங்கின லாமிங்டன்ல ஒண்ணையும் வச்சுட்டேன். எறும்பு தின்னட்டும்.

— நல்லது.

— ஒண்ணு கேக்கறேன். பின்னால பேர் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— புதிர்லயே இருக்கே. சுற்றிப் பார்த்துச் சொல்னு.

— நான் அதைப் பாட்டுக்கு அழகா போட்ட வரின்னு நினைச்சுட்டேன். அப்ப முப்பத்தெட்டு.

— முப்பத்தெட்டு. போடட்டுமா?

— கொஞ்சம் இருங்க.

— மணி ஒன்பது நாற்பத்தாறு.

— தெரியும். கொஞ்சம் இருங்க. உங்க பக்கம் மழையா?

— காலையில தூறிச்சு. இப்ப விட்டுடுச்சு. கடல் சாம்பல் நிறத்துல இருக்கு.

— என்ன சாப்டீங்க?

— டோஸ்டுல வெஜிமைட் தடவி.

— நானும் அதேதான். சரி. போடுங்க.

— போட்டுட்டேன்.

— என்ன கலரு?

— பச்சை.

— இரட்டையர்?

— போடவே இல்ல. நாமதான் ஜெயிச்சோம், மெர்வ்.

— ம். ஜெயிச்சா பூமியே அதிர்ற மாதிரி கத்தணும்னு மூணு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப பார்த்தா கத்தணும்னே தோணல.

— எனக்கும்தான்.

— ஆனா நடந்து வரும்போது ஒண்ணு யோசிச்சேன், அம்மணி. பெரில் போனப்ப அந்த வாகா வாகாக்காரங்க நாலு வாரம் ஒரு விடையும் போடல. "நண்பர் திரும்பி வரும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்"னு வெப்சைட்டுல ஒரு வரி மட்டும் போட்டாங்க. நான் ஊருக்கெல்லாம் பல்செட்டுக் கதை சொன்னாலும் அதை மறக்கல. எனக்கு வந்த இரங்கல் கார்டுலயெல்லாம் அந்த ஒரு வரிதான் நல்லா இருந்துச்சு. போட்டி முடிஞ்சா முடியட்டும். அவங்களைத் தேடிப் பிடிங்க. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நாலு பேருமா சேர்ந்து பேசுவோம்.

— நாலு பேரா?

— நீங்க, நான், அவங்க ரெண்டு பேரு. அந்தப் பழைய கல்லும் வரட்டும், அஞ்சாவதா. புதிர் நல்லா இருந்துச்சுன்னு அவன்கிட்ட நேராவே சொல்லிடறேன். லைன் இருக்கா?

— இருக்கு. உட்கார இடம் இருக்கா அங்க?

— ஈடித் பக்கத்துல படியிலதான் உட்கார்ந்திருக்கேன். மிச்ச லாமிங்டனைத் தின்னுக்கிட்டு இருக்கேன். ஏன்? அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?

— இருக்கு, மெர்வ். உங்களையும் பெரிலையும் தவிர, அந்த இரட்டையர், பழைய கல், இந்தப் போட்டியில வந்தவங்க எல்லாருமே நான்தான்.