ஷாஜின் போட்ட கோடு

முன் ஆக்சிலுக்கு ஷாஃப்ட் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஒடியாதே?" விலை, நாள், கியாரண்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காப்பிக்கு நன்றி, வெங்கிடேஷ் சார். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர் இன்ஸ்பெக்டராக வாய்த்ததில் எனக்கு ஒரு சௌகரியம். மலையாளத்தில் வியாபாரம் பேசுவேன், வாடிக்கைக்காரனோடு மல்லுக்கு நிற்பேன். இந்த மாதிரி விஷயம் வீட்டில் பேசும் தமிழில்தான் நேராக வரும்.

மேஜைமேல் இருக்கும் பால்பவுடர் டப்பாவைக் காலையில் என் மனைவி தங்கபாய் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதற்குள் இருக்கும் ஸ்டட் ஆணிகள் அந்தப் பையன் பிபினின் வண்டிக்கு உரியவை. வண்டி பாறமடையில் உருண்டபோது அதில் இருந்தவை வேறு. மறுக்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் துணி மூட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லும்போது சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதிக்கொண்டிருக்கும் தம்பி முதல் வரியாக இதை எழுதட்டும்: ஷாஃப்ட் ஒடியவில்லை.

"எழுதியாச்சு. அவசரமே இல்லை, நிதானமாச் சொல்லுங்கோ" என்கிறீர்கள். நல்ல மனிதர்.

திருவல்லத்தில், விழிஞ்ஞம் போகிற சாலையோரத்தில் என் பட்டறை. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் போக ஆரம்பித்ததிலிருந்து சுவரில் தொங்கும் ஸ்பானர்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். 'சத்தியநேசன் ஆக்சில்' என்றால் எஸ்டேட்காரர்களுக்குத் தெரியும். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சேற்றில் ஃபோர் வீல் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்த வண்டிகளில் நான்கு சக்கரமும் இழுக்கும். முன் சக்கரங்களுக்கு எஞ்சினின் பலத்தைக் கொண்டுபோவது ஆக்சில் ஷாஃப்ட். என் கைப் பருமனில் ஓர் இரும்புத் தண்டு, அவ்வளவுதான். கம்பெனி போட்டுத் தரும் ஷாஃப்ட் சந்தைக்கும் சபைக்கும் போய்வரப் போதும். பெரிய டயர் மாட்டிப் பாறை ஏறினால் ஒடியும். ஆகவே உசத்தி இரும்பில் தடிமனாகக் கடைந்து, கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பதப்படுத்தி, நான் போட்டுக் கொடுப்பேன்.

போட்ட ஒவ்வொரு ஷாஃப்டிலும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அழகுக்கு இல்லை. நல்ல ஷாஃப்ட் திடீரென்று ஒடியாது. பாரம் தாங்காதபோது முதலில் முறுக்கிக்கொள்ளும், அப்போது நேர்க்கோடு கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் எவ்வளவு பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். முறுக்காமல், கோடு நேராக இருக்கும்போதே ஒன்று ஒடிந்தால், அது ஓட்டியவன் குற்றம் இல்லை. பதப்படுத்தியவன் குற்றம். இரும்பைக் கண்ணாடியாக்கிவிட்டான் என்று பொருள். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கோடு போடுகிற வேலை என் மகன் ஷாஜினுடையது. இடது கைப் பழக்கம் அவனுக்கு. கோடு முடிகிற இடத்தில் தூரிகையை ஒரு சுழற்றுச் சுழற்றி மீன்வால் வைப்பான். வாலின் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் நீளம். "எதுக்குடே இந்த வேண்டாத வேலை?" என்றால், "எனக்க கையெழுத்துப்பா, வேற எவனுக்கும் வராது" என்பான். உண்மைதான். நான் முயன்று பார்த்திருக்கிறேன், தூண்டில் முள் மாதிரி வந்தது.

பிபின் அவனுடைய கூட்டாளி. பந்தயங்களில் பிபின் ஓட்டுவான், ஷாஜின் இடப்பக்கம் உட்கார்ந்து வழி சொல்வான். போன வருஷம் ஓணத்தை ஒட்டி ஒரு பந்தயம், கல் உடைத்துக் கைவிட்ட ஒரு பாறமடையில். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பாதி ஏறும்போது டிங் என்று ஒரு சத்தம். மணி தட்டியது போல, அவ்வளவு சுத்தமான சத்தம். முன் சக்கரம் இழுப்பதை விட்டது, வண்டி பின்னால் வழுக்கி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. பிபினுக்குத் தோள் எலும்பு. ஷாஜின் அடியில்.

அடக்கம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் முன்பே பேச்சு பரவிவிட்டது. ஊரில் என்னை ஆசான் என்பார்கள். ஆசானுக்க ஷாஃப்டு ஒடிஞ்சுதான் ஆசானுக்க மகன் செத்தான். பிபினிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவன் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான்.

அது என் ஷாஃப்ட் இல்லை, சார். பந்தயத்துக்கு முன்னால் பிபின் அதைக் கழற்றிவிட்டு மலிவாக ஏதோ மாட்டியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், வேறு விதமாக இருக்க முடியாது. நான் செய்த ஜோடி நல்ல ஜோடி. ஓணச் சமயத்தில் கோயம்புத்தூரில் கூட்டம், அனுப்பினால் நாளுக்கு வராது என்றார்கள். ஆகவே என் பட்டறை உலையிலேயே சூடேற்றி எண்ணெயில் முக்கினேன். இரண்டாவது தடவை இளஞ்சூடு காட்ட வேண்டும், அதற்கு நேரம் இருக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

ஒடிந்த துண்டுகளைக் கொண்டுவா என்று பிபினிடம் சொன்னேன். தங்கபாயிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அவளிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு விறகைத் தள்ளிவிட்டாள். ஆகவே அவன் சொன்னது பொய்.

எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் குடும்ப ஜெபம் உண்டு. தங்கபாய் பாட, நான் வேதம் வாசிக்க, ஷாஜின் கொட்டாவி விட, அப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள். அவன் போன பிறகு அவள் வந்து உட்காரவில்லை. கூப்பிட்டால், "நீங்க செபிச்சுக்கிடுங்க. எனக்குச் சோலி கெடக்கு" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் தனியாகப் பாயில் உட்கார்ந்து வேதத்தைத் திறப்பேன். இருட்டத் தொடங்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். டிங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். வீட்டுக்குள்ளிருந்துதான். முதலில் லாரி அதிர்வு என்று நினைத்தேன். சாலையில் லாரி இல்லாதபோதும் கேட்டது. பிறகு தெரிந்தது, ஷாஜின்தான். அப்பா, உம்ம பேரைக் காப்பாத்தும் என்கிறான். வேறு எதற்கு அவன் வர வேண்டும்?

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் பிபினே பட்டறைக்கு வந்தான். அவன் தங்கச்சி ஜெஸ்லினும் கூட. அந்தப் பெண்ணுக்கும் கழக்கூட்டத்தில்தான் வேலை.

"ஆசானே, எனக்க வண்டிக்கு முன்ஷாஃப்டு போடணும்."

"ஊருல வேற பட்டறையே இல்லியாடே?"

"உண்டு. பக்ஷே ஆசானுக்க பேரு திரும்பி வரணும்னா ஆசானுக்க ஷாஃப்டுலதான வரணும். அதே பாறமடை, அதே ஏற்றம். எல்லாரும் காணட்டு." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஷாஜின் இருந்தா இதத்தான் சொல்லியிருப்பான், இல்லியா?" என்றான்.

ஜெஸ்லின் சிரித்தாள். "அங்கிள், இவன் ஓட்டினா ஷாஃப்டு ஒடியாது. பக்கத்துல இருக்கிற எனக்க இடுப்புதான் ஒடியும்."

"நீயா மக்களே வழி சொல்லப் போற?"

"வேற ஆரு? இவனுக்குக் கெழக்கும் மேற்கும் தெரியாதே."

அவன் நல்ல பையன் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதை ஏன் சொல்கிறேன் என்றால், கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

ஷாஃப்ட் விஷயத்தில் வெளியே யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஷாஃப்டைப் பலப்படுத்தினால் பாரம் காணாமல் போவதில்லை. அடுத்து எது இளைத்திருக்கிறதோ அதைத் தேடிப் போகும். ஷாஃப்ட் ஒடியாவிட்டால் ஜாயின்ட் உடையும். ஜாயின்டைப் பலப்படுத்தினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப். கெட்டிக்கார மெக்கானிக் எதை உடைய விடலாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவான். உடைந்தாலும் ஆள் பிழைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று.

நானும் முடிவு செய்தேன்.

இந்தத் தடவை கோயம்புத்தூருக்கே அனுப்பினேன். ஜாயின்ட், ஹப் எல்லாம் உசத்தி. சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் ஸ்டட்கள் மட்டும் சாதா இரும்பில் நானே கடைந்தேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிபின் வாங்கி வந்திருந்த நல்ல ஸ்டட்களை டப்பாவில் போட்டு மூடினேன். தூக்கி எறிய மனம் வரவில்லை, நல்ல சாமான். கோடும் நானே போட்டேன். வால் வைத்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை, துடைத்துவிட்டேன்.

பந்தய நாளன்று நானும் பாறமடைக்குப் போயிருந்தேன். ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். ஜெஸ்லின் இருக்கையில் ஏறியதும் பெல்ட் தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். நானே இழுத்து இறுக்கினேன். "மூச்சு முட்டுது அங்கிள்" என்றாள். "இருக்கட்டு மக்களே" என்றேன்.

வண்டி ஷாஜின் விழுந்த இடம்வரை ஏறியது. சக்கரம் முழுவதும் திருப்பிய நிலையில் பாறையில் மாட்டிக்கொண்டது, பிபின் ஆக்சிலேட்டரை மிதித்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டிங் என்று கேட்கவில்லை. ஷாஃப்ட் பிடித்தது, வண்டி பாறையைத் தாண்டியது. கைதட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் ஸ்டட்கள் போயின. ஸ்டியரிங் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாக வண்டி விளிம்புக்குப் போனது. பிபின் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான் என்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சரியான பக்கம்தான்.

ஜெஸ்லின் மட்டும் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள் பெல்ட்டு முறுக்கினதாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்றாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொல்லுகிறவன் பெல்ட்டை இறுக்குவானா?

நீங்கள் அனுப்பிய நிபுணர் விபத்து என்றுதான் எழுதினார். பழைய வண்டி, ஸ்டட் சோர்ந்துவிட்டது என்று. ஷாஃப்டைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தார்.

பந்தயத்தன்று நேராக வீட்டுக்குப் போய்த் தங்கபாயிடம் சொன்னேன். "அதே எடம், அதே ஏற்றம். எனக்க ஷாஃப்டு ஒடியல. கோடு லேசா முறுக்கியிருக்கு, அம்புட்டுத்தான். நான் கண்ணால பாத்தேன்."

"அந்தப் பயலுக்க அம்மைக்கு ஆரு போய்ச் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கு வைத்தேன். பாயை விரித்தேன். இன்றைக்காவது சத்தம் நிற்கும் என்று நினைத்தேன்.

டிங்.

அவ்வளவுதான், சார். செய்ததை மறைக்கவில்லை. என் பேர் சுத்தமாகிவிட்டது, இனி அவள் ஜெபத்துக்கு வந்து உட்காரலாம். அதை அவளிடம் நீங்கள் சொன்னால் கேட்பாள்.

மூட்டையை அவிழ்க்கிறீர்களா? அவிழுங்கள். அந்தத் துணி ஷாஜினின் சட்டை. பட்டறைக்குப் போட்டுக்கொண்டு வருவான். எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

இரண்டு இரும்புத் துண்டு.

"உங்க ஆத்துக்காரி தினம் சாயங்காலம் இதை மடியில வச்சுண்டு ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாப்பாளாம். பிபின் கொண்டுவந்து கொடுத்த நாள்லேர்ந்து" என்கிறீர்கள். இருக்கலாம். அப்படி மேஜைமேல் சேர்த்து வைக்காதீர்கள், சார். அந்தச் சத்தம் வேண்டாம்.

விளக்கை இந்தப் பக்கம் திருப்ப வேண்டாம், தெரிகிறது. கோடு இருக்கிறது. முறுக்கவே இல்லை. ஒடிந்த இடம்வரை நூல் பிடித்தாற்போல நேராக வந்து, மறு துண்டில் நேராகத் தொடர்கிறது. முடிவில் வால் இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் நீளம்.

"இது யார் போட்டதுன்னு நீங்களே சொல்லுங்கோ" என்கிறீர்கள்.

அந்த முதல் வரியை அடித்துவிடச் சொல்லாதீர்கள், சார். வெள்ளைப் பெயின்ட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கோடு யார் வேண்டுமானாலும் போடலாம்.